குரல் போன பிறகு

2003-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் ஜனக்கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு நான் ஒரு பாவம் செய்தேன். மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்து, "இந்தக் கிழவருக்கு வீட்டில் சும்மா இருக்கப்படாதா?" என்று பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்த மனிதர் மிக் ஜாகர். ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் பாடகர். 1962-இல் லண்டனில் ஆரம்பித்த கோஷ்டி அது. இந்தியாவில் அவர்கள் கச்சேரி செய்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஜாகருக்கு அப்போது வயது 59. கிட்டார் வாசித்த கீத் ரிச்சர்ட்ஸுக்கும் 59. பின்னால், யாருக்கோ வந்த கச்சேரி என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு டிரம் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 61. எனக்கு 49. அந்த வயதில் அறுபது என்பது ஏதோ அயல் தேசம் மாதிரி தோன்றுகிறது. நாமும் அதே ரயிலில்தான் ஏறியிருக்கிறோம், நடுவில் நிற்கிற ஸ்டேஷன்கள் அதிகம் இல்லை என்பது தெரிவதில்லை.

இப்போது எனக்கு 71. அன்றைக்கு நான் வீட்டில் இருக்கச் சொன்ன ஜாகர், 2024-இல், 80-ஆவது வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மைதானம் மைதானமாகக் கச்சேரி செய்தார். வீட்டில் சும்மா இருந்தது நான்தான். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தமிழில் நாவல் எழுதுகிறவனுக்கும் இந்த ராக் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். எல்லாம் ஒரு டிரான்ஸிஸ்டர் செய்த வேலை. 1970-இல் திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலில் என் அறையில் இருந்த பையன் ஒரு டிரான்ஸிஸ்டர் வைத்திருந்தான். இரவில் வார்டன் விளக்கை அணைக்கச் சொன்ன பிறகு, போர்வைக்குள் வைத்து இலங்கை வானொலியின் ஆங்கில நிகழ்ச்சிகளைக் கேட்போம். காற்று அடித்தால் பாட்டு பாதி வரும். மழை பெய்தால் அதுவும் வராது. அப்படிக் கேட்டவைதான் பீட்டில்ஸ் பாட்டுக்கள். அந்த நால்வரும் பிரிந்து போனதும் அதே 1970-ஆம் வருஷம்தான். அவர்கள் கடையைக் கட்டிய பிறகு நான் வாடிக்கைக்காரன் ஆனேன். எதிலும் கடைசியில் போய்ச் சேருவது என் ஜாதக விசேஷம்.

அது கிடக்கட்டும். மூன்று வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், ஒரு பத்திரிகையிலிருந்து ஓர் இளைஞர் டெலிபோன் செய்தார். மரியாதையான பிள்ளை. வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டார். பேச்சின் முடிவில், "சார், உங்க பழைய நாவல் மாதிரி ஒண்ணு குடுங்களேன்!" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால், 'உங்கள் புதிய நாவல் மாதிரி வேண்டாம்' என்பதும் அதில் அடங்கியிருந்தது அல்லவா? டெலிபோனை வைத்துவிட்டு, அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் பெயர் ஜானகி. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் பெயர் கல்யாணி. நடுவில் எப்போது பெயர் மாறினாள் என்று எனக்கே தெரியவில்லை. எழுதிக்கொண்டே போயிருக்கிறேன், கை எழுதியிருக்கிறது, மனசு பக்கத்தில் இல்லை.

சின்ன வயதில் நாற்பது பாத்திரங்களை, அவரவர் மாமனார் மாமியாரோடு, தலையிலேயே வைத்துக்கொண்டு எழுதியவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அந்த ஐந்து நோட்டுப் புத்தகங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, வாயைச் சுருக்குக் கட்டி, பரணில் தூக்கிப் போட்டேன். மனைவியிடம் போய், "இனிமேல் நான் எழுதப் போவதில்லை" என்று கம்பீரமாக அறிவித்தேன். "சரி, அப்போ கரண்ட் பில்லைக் கட்டிட்டு வந்துடுங்கோ. இன்னிக்குத்தான் கடைசித் தேதி" என்றாள் அவள்.

இப்படியாக ஓய்வு பெற்ற நான், 2024 டிசம்பரில் லண்டனில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாள் அவள், "அப்பா, 19-ஆம் தேதி சாயங்காலம் ஒண்ணும் வெச்சுக்காதே. பால் மக்கார்ட்னி கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்றாள். லண்டனில் எனக்கு என்ன வேலை, வைத்துக்கொள்வதற்கு? டிக்கெட்டின் விலையை மட்டும் கேட்டேன். அவள் சொல்லவில்லை. பிறகு மாப்பிள்ளை சொன்னார். அந்தப் பணத்தில் மயிலாப்பூரில் ஒரு மார்கழி மாதம் முழுவதும் முதல் வரிசையில் உட்கார்ந்து, தினமும் கான்டீனில் இரண்டு வேளை டிபனும் சாப்பிடலாம்.

எனக்கு உள்ளூரப் பயம். மக்கார்ட்னி 1942 ஜூனில் பிறந்தவர். 82 வயது. என் காதில் இருப்பது போர்வைக்குள் கேட்ட குரல். அதைக் கெடுத்துக்கொள்வதற்கு இவ்வளவு செலவா? ரயிலில் போகும்போது பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, தன் கணவர் அதே அரங்கத்தில் பார்த்த இன்னொரு கச்சேரியைப் பற்றிச் சொன்னாள்.

2022 மார்ச் 26-ஆம் தேதி அது. ஜெனிஸிஸ் என்ற கோஷ்டியின் கடைசிக் கச்சேரி. அதில் பாடியவர் ஃபில் காலின்ஸ். 1970-இல் அந்தக் கோஷ்டியில் டிரம் வாசிப்பவராகச் சேர்ந்து, பிறகு பாடகராகவும் ஆனவர். அவருடைய டிரம் ஒலியை உலகமே அறியும். முதுகெலும்பில் வந்த கோளாறினால் கைகளில் நரம்பு பலம் போய்விட்டது. டிரம் குச்சியைச் சரியாகப் பிடிக்க முடியாது. 71 வயதில், மேடையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார். பின்னால் டிரம் வாசித்தது யார் தெரியுமா? அவருடைய பிள்ளை நிக். இருபது வயதுப் பையன்.

"அவர் அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லைப்பா" என்றாள் என் பெண். "'அப்பா வாசிச்ச இடத்தையெல்லாம் பிள்ளை வாசிக்கறான், அப்பா திரும்பிப் பார்க்காம பாடறார்'னு அதையே சொல்லிண்டிருந்தார்."

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்து நாவல் எழுத ஒரு பிள்ளை இல்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி நடந்த இடத்துக்கு ஓ-டூ அரங்கம் என்று பெயர். 2000-ஆம் வருஷப் பிறப்புக்காக தேம்ஸ் நதிக் கரையில் கட்டிய பெரிய வெள்ளைக் கூடாரம். அதற்குள் ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். குளிருக்கு மூன்று சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பத்து நிமிஷத்தில் இரண்டைக் கழற்றிவிட்டேன். எனக்கு இடது பக்கத்தில் ஓர் ஆங்கிலேய அம்மாள். எழுபதைத் தாண்டியவர். கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்து எனக்கும் ஒன்று கொடுத்தார். ஊர், குடும்பம், மூட்டு வலி எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீங்கள் இவரை முன்பு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை, இதுதான் முதல் தடவை. நீங்கள்?"

"1963-இல் பார்த்தேன், எங்கள் ஊர் தியேட்டரில். எனக்கு 13 வயது. நாலு பேரும் இருந்தார்கள்."

"கொடுத்து வைத்தவர்! எப்படிப் பாடினார்கள்?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "யாருக்குத் தெரியும்? ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. எல்லாப் பெண்களும் ஒரே கூச்சல். நானும்தான் கத்தினேன். வாய் அசைவதைத்தான் பார்த்தோம். இவர் பாடிக் கேட்கலாம் என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறேன்."

அவர் சொன்னது மிகை இல்லை. பீட்டில்ஸ் கச்சேரிகளின் சரித்திரமே அதுதான். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தில் அவர்கள் பாடியபோது 55,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அந்தக் காலத்து ஒலிபெருக்கிகள் அத்தனை பேர் கூச்சலுக்கு எம்மாத்திரம்? பாடுகிறவர்களுக்கே தாங்கள் பாடுவது கேட்கவில்லை. பின்னால் டிரம் வாசித்த ரிங்கோ, முன்னால் நிற்பவர்களின் உடம்பு அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொண்டாராம். கடைசியில் அலுத்துப்போய், 1966 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் பாடியதோடு ஊர் ஊராகப் போவதையே விட்டுவிட்டார்கள். குரல் பிரமாதமாக இருந்த காலத்தில் அதைக் கேட்க யாருக்கும் காது இல்லை. காது கிடைத்தபோது குரல் போய்விட்டது. இதைக் கதையில் எழுதினால், 'செயற்கையாக இருக்கிறது' என்று விமர்சகர்கள் சொல்வார்கள்.

விளக்குகள் அணைந்தன. மெலிந்த, நரைத்த தலை மனிதர் ஒருவர், பிடில் வடிவத்தில் இருக்கும் கிட்டாரை இடது கைக்காரருக்கு ஏற்றபடி மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு வருகிறவர் போல வந்தார். 20,000 பேரும் எழுந்து நின்றார்கள். அவர் பாட ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குரல் போய்விட்டது. முழுவதும் போகவில்லை, ஆனால் போய்விட்டது. முதல் அரை மணி நேரம், எனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டுக்கு வழி தெரியாமல் வந்துவிட்டது போல் இருந்தது. வாசலும் திண்ணையும் அதுதான், உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள். வயதான பாடகர்கள் பலரும் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வது வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மனிதர் பெரும்பாலான பாட்டுக்களைப் பழைய சுருதியிலேயே பாடுகிறவர். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். 27 வயதில் ஏறிய படிகளை 82 வயதில், கைப்பிடியைத் தொடாமல் ஏறுவது என்று தீர்மானம்.

'மேபி ஐயாம் அமேஸ்ட்' என்று ஒரு பாட்டு. தம் மனைவி லிண்டாவுக்காக இயற்றி, 1970-இல் வெளியிட்டது. லிண்டா 1998-இல் காலமாகிவிட்டார். அந்தப் பாட்டில், தொண்டை கிழிகிற மாதிரி மேலே போகிற ஓர் இடம் உண்டு. ஹாஸ்டலில் அந்த இடம் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொள்வோம். இங்கேயும் அந்த இடம் வந்தது. அவர் நழுவவில்லை, கோஷ்டியினரிடம் தள்ளிவிடவில்லை, நேரே போனார். குரல் உடைந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, பெரிய ஒலிபெருக்கியில், உடைந்தது. உடைந்த குரலோடு அந்த அடியை முடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போனார்.

என் தகப்பனார் செம்மங்குடி சீனிவாசய்யரின் பரம ரஸிகர். செம்மங்குடியாருக்கு இயற்கையிலேயே ஒத்துழைக்காத சாரீரம். தொண்ணூறை ஒட்டிய வயதிலும் அவர் மேடை ஏறியதுண்டு. அவருடைய முதுமைக் காலத்துக் கச்சேரி ஒன்றுக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். மேல் ஸ்தாயியில் குரல் எட்டாமல் நின்ற ஓர் இடத்தில், அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "அங்கேதான் குரலே வரலியே, எதுக்கப்பா தலையை ஆட்டினே?" என்று கேட்டேன். "வரலைன்னா என்னடா? எங்கே போகணும்னு காட்டிட்டாரே!" என்றார் அப்பா. ரஸிகர்களுக்கு உரிய சமாதானம் என்று நினைத்து அதையும் மனசுக்குள் சிரித்துவிட்டேன். லண்டனில், அந்த 20,000 பேர் நடுவில், அப்பா சொன்னது எனக்கு அர்த்தமாயிற்று. அந்த உடைந்த இடத்தைக் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் மீதியைத் தம் தம் நினைவிலிருந்து பாடிக்கொண்டார்கள். நானும் பாடிக்கொண்டேன். பக்கத்து அம்மாள் கைத்தடியின் தலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் குரலைக் கேட்கவில்லை, பாட்டைக் கேட்டேன். அவர் பாடினவற்றுள் ஒன்று, 1958-இல் லிவர்பூலில் ஒரு வீட்டில் இருந்த சின்ன ஒலிப்பதிவு அறையில் பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயது 16. பீட்டில்ஸ் என்ற பெயரே பிறக்கவில்லை. 16 வயதில் பாடிய பாட்டை 82 வயதில் பாடுகிறவரிடம், "குரல் அன்று மாதிரி இருக்கிறதா?" என்று கேட்பதற்கு யாருக்கு மனசு வரும்? 2001-இல் மறைந்த ஜார்ஜ் ஹாரிஸனின் பாட்டு ஒன்றை, யுகுலேலி என்ற சின்னஞ்சிறு தந்தி வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆரம்பித்தார். 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனனோடு ஒரு பாட்டு பாடினார். ஆம், லெனனோடு! 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு மாடியின் மேல் தளத்தில் அவர்கள் பாடிய படம் இருக்கிறது. அதிலிருந்து லெனனின் குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். திரையில் 28 வயது லெனன் பாட, 82 வயது மக்கார்ட்னி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சிநேகிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூடப் பாடினார். செத்தவனுக்கு வயது ஆகவில்லை. இருக்கிறவனுக்குத்தான் ஆகியிருக்கிறது. எந்தக் குரலைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது என்றால், அந்த இளம் குரலைக் கேட்டு அல்ல.

இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கச்சேரி நடந்தது. அவர் மேடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நம் வித்வான்கள் பக்கத்தில் பிளாஸ்க் இல்லாமல் வர்ணம்கூட ஆரம்பிக்க மாட்டார்கள்.

பிறகுதான் அந்தப் பழைய கிட்டார் வந்தது. அதன் கதையைச் சொல்ல வேண்டும். 1961-இல், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து விடுதிகளில் இரவெல்லாம் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று சுமார் 30 பவுன் கொடுத்து வாங்கிய ஹாஃப்னர் கம்பெனி வாத்தியம். ஆரம்பகாலப் பாட்டுக்களை அதில்தான் வாசித்தார். 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து அதை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனையோ வருஷம் கழித்துச் சிலர் சேர்ந்து துப்பறிந்து தேட, அது ஒரு வீட்டின் பரணில் கிடந்தது தெரிய வந்தது. 2023-இல் சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் பழுது, சரி செய்தார்கள். அன்று இரவு, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அதை மேடையில் மாட்டிக்கொண்டு வாசித்தார். கூட கிட்டார் வாசிக்க வந்தவர் ரோலிங் ஸ்டோன்ஸின் ரோனி வுட். 2003-இல் பெங்களூரில் நான் 'கிழவர்கள்' என்று கணக்கில் சேர்த்தவர்களில் ஒருவர்! கடைசியில் ரிங்கோ ஸ்டாரும் வந்து இரண்டு பாட்டுக்கு டிரம் வாசித்தார். அவருக்கு 84.

எனக்கு அந்தப் 'பரண்' என்ற இடத்திலேயே மனசு நின்றுவிட்டது. ஒரு வாத்தியம் பரணில் ஐம்பது வருஷம் கிடந்திருக்கிறது. அது கெட்டுப் போனது என்று சொல்வதா, காத்திருந்தது என்று சொல்வதா?

கச்சேரி முடிந்தது. பக்கத்து அம்மாள் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். கையைக் கொடுத்தேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"இப்போதுதான் காதில் விழுந்தது" என்றார் அவர்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் மஞ்சள் பையை இறக்கிவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஏணியை எடுத்து வரச் சோம்பல். மனசிலும் சமாதானம் ஆகவில்லை. மக்கார்ட்னி எங்கே, நான் எங்கே? அவருடைய பாட்டில் விட்டுப்போன இடத்தை நிரப்ப 20,000 பேர் இருக்கிறார்கள். என் நாவலில் விட்டுப்போன இடத்தை யார் நிரப்புவார்கள்? அச்சுப் பிழை திருத்துகிறவர்கூட நிரப்ப மாட்டார். தவிர, பழைய பாட்டைத் திரும்பப் பாடுவது வேறு. புதிதாக ஒன்றை எழுதுவது வேறு. இப்படி ஏழு மாதம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சி வக்கீல் இல்லாத வழக்கில் தோற்பது கஷ்டம்.

2025 ஜூலையில் பேரன் டெலிபோன் செய்தான். "தாத்தா, ஆஸியோட கடைசிக் கச்சேரியை இன்னிக்கு ஒளிபரப்பறான். பாரு" என்றான். ஆஸி ஆஸ்போர்ன், பிளாக் ஸாபத் என்ற கோஷ்டியின் பாடகர். அந்தக் கோஷ்டியின் சங்கீதம் எனக்கு ஒத்துவராது; தலையில் அம்மி வைத்து அரைக்கிற மாதிரி இருக்கும். பேரன் சொன்னானே என்று உட்கார்ந்தேன். ஜூலை 5-ஆம் தேதி, பர்மிங்ஹாம் நகரத்தில் வில்லா பார்க் கால்பந்து மைதானம். அந்த மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்களில்தான் ஆஸி பிறந்து வளர்ந்தார். கசாப்புத் தொட்டியில் வேலை பார்த்த ஏழைப் பிள்ளை. 40,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். 76 வயது மனிதரை, பார்க்கின்ஸன் வியாதியினால் நடக்க முடியாதவரை, ஒரு கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்த்தி மேடைக்குக் கீழேயிருந்து மேலே ஏற்றினார்கள். எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கைகள் மட்டும் ஆடுகின்றன. வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி அவர் பாட்டு ஒன்று உண்டு. அதைப் பாடும்போது குரல் தழுதழுத்து நின்றது. மைதானமே பாடியது.

அவர் பக்கத்தில் கிட்டார் வாசித்தவர் டோனி அயோமி. அவர் கதையைப் பேரன்தான் சொன்னான். 17 வயதில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலைக்குப் போன கடைசி நாளன்று, இயந்திரத்தில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலது கை விரல்களால்தான். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். வலி தெரியாமல் இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்தியின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கனத்த, இருண்ட நாதம். பிற்பாடு உலகம் முழுவதும் ஆயிரம் கோஷ்டிகள் அதைப் பின்பற்றின. ஊனத்தை மறைக்கப் போய் ஒரு சம்பிரதாயமே உண்டாகிவிட்டது.

ஜூலை 22-ஆம் தேதி ஆஸி இறந்துபோனார். கச்சேரிக்குப் பதினேழாம் நாள்.

மறுநாள் காலையில் நான் ஏணியை எடுத்து வந்தேன். "இந்த வயசில் ஏணி எதுக்கு?" என்று மனைவி கீழே நின்று காலைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் பையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நோட்டுக்களில் இரண்டைப் பூச்சி ருசி பார்த்திருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து ஐந்தையும் படித்தேன். நினைத்த அளவுக்கு மோசம் இல்லை. நினைத்த அளவுக்கு நன்றாகவும் இல்லை. மூன்று தலைமுறைகளை ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத் திட்டம் போட்டிருக்கிறேன். இப்போது அந்த மூச்சு கிடையாது. ஒரு தலைமுறை போதும். ஒரு வீடு, ஒரு தெரு. நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதலாம்.

பெங்களூரில் நான் கேட்ட கேள்வி தப்பு என்று இப்போது தோன்றுகிறது. 'இவர்கள் ஏன் நிறுத்தவில்லை?' என்று கேட்டேன். 'மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?' என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவர் பழைய சுருதியிலேயே ஏறப் பார்க்கிறார். ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார். ஒருவர் குச்சியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு முன்னால் பார்த்துப் பாடுகிறார். பணத்துக்காகவும்தான் பாடுகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. நான் மட்டும் என்ன, இலவசமாகவா எழுதினேன்?

ஜானகி, கல்யாணி விஷயந்தான் பாக்கி. அத்தியாயம் அத்தியாயமாகப் பெயரைத் திருத்திக்கொண்டு வருவதற்கு பேனாவை எடுத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் கல்யாணமாகிப் புக்ககம் வந்துவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் எத்தனை பெண்களுக்கு அப்படி நடந்திருக்கிறது! மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக இருந்தால் வீட்டில் கூப்பிட முடியாது என்று, வந்த அன்றே பெயரை மாற்றிவிடுவார்கள். என் பெரியம்மாவுக்கே அப்படித்தான். பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அறுபது வயதிலும் அவள் முகம் ஒரு விதமாக மாறும். என் மனசு பக்கத்தில் இல்லாதபோது கை எழுதியது அவளைப் பற்றித்தான் போலிருக்கிறது.

மாமியாருக்கு ஜானகி என்று பெயர் வைத்தேன். நேற்று இரவு நாலு பக்கம் எழுதினேன். இரண்டு தேறும்.